45 வாளிகள்

மூன்று ஆண்டுகளுக்கு முன் ஓர் அறிக்கையில் 'பணித்திறன் குறைபாடு' என்று எழுதினேன். எங்கள் துறையில் அன்றாடம் புழங்கும் சொற்கள்தாம். ஆய்விதழ்களில் எத்தனையோ முறை படித்திருக்கிறேன். நானும் கருத்தரங்கக் கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். ஆனால் அந்த அறிக்கையில் எழுதியபோது அவை ஆறு பேருடைய கூலியை நிறுத்திவைத்தன. ஆய்வேட்டின் இறுதி இயலைத் திருத்திக்கொண்டிருக்கும் இந்நாட்களில், அந்த இயலில் இடம்பெற வழியில்லாத சிலவற்றை இங்கே எழுதிவைக்கலாம் என்று தோன்றுகிறது.

மும்பையில் தங்கி நான் ஆராய்வது, வணிகக் கட்டடங்களின் வெளிப்புறச் சுவர்களுக்குப் பூசப்படும் காப்புப் பூச்சுகளை. ஊரில் இதை விளக்குவது எளிதன்று. "பெயிண்ட் அடிக்கப் படிப்பு வேறு வேண்டுமா?" என்று பெரியப்பா கேட்டபோது சிரித்து மழுப்பினேன். அந்தக் கேள்விக்குள் என் துறை கேட்டுக்கொள்ளாத ஒன்று இருந்தது என்பது பின்னர்தான் விளங்கியது. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் பூச்சைப் பற்றிப் பேசினோம். பூசுவதைப் பற்றிப் பேசவில்லை.

வண்ணத்தை அழகுக்கென்றே நினைக்கிறோம். கான்கிரீட் கட்டடத்தின் வெளிச்சுவரில் அதற்கு வேறு வேலை இருக்கிறது. கான்கிரீட் கடுமையான காரத்தன்மை உடையது. புதிதாக வார்த்த கான்கிரீட்டின் துளைகளிலுள்ள நீரின் பிஎச் மதிப்பு 12.5க்கு மேல் இருக்கும். அந்தக் காரம் இருக்கும்வரை உள்ளேயுள்ள இரும்புக் கம்பியின் மேல் மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று நிலைத்து நிற்கும், கம்பி துருப்பிடிக்காது. காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடு ஆண்டுக்கணக்கில் உள்ளே ஊடுருவி, கான்கிரீட்டிலுள்ள கால்சியம் ஹைட்ராக்சைடைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றுகிறது. பிஎச் 9 அளவுக்கு இறங்கியதும் அந்தப் படலம் கரைகிறது. அதன்பின் ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் போதும், கம்பி துருவாகத் தொடங்கும். துரு, தான் தின்ற இரும்பைப்போல் இரண்டு முதல் ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். இடம் இல்லாதபோது கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வரும். மழைக்காலத்தில் பால்கனியின் அடிப்பகுதி பெயர்ந்து விழுந்தது என்று நாளிதழின் மூலையில் வரும் செய்திகள் பலவற்றுக்குப் பின்னால் இந்த வேதியியல் இருக்கிறது. மும்பை போன்ற கடலோர நகரத்தில் உப்புக் காற்றின் குளோரைடும் இதனுடன் சேர்ந்துகொள்கிறது.

இதில் ஒரு முரணும் உண்டு. நம் பாட்டன்மார் ஆண்டுதோறும் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். அந்த நீர்த்த சுண்ணாம்பும் இதே கார்பன் டைஆக்சைடை உறிஞ்சித்தான் கால்சியம் கார்பனேட்டாக இறுகிச் சுவரில் ஒட்டுகிறது. சுண்ணாம்புச் சுவருக்கு மேல்தோலைக் கொடுத்த அதே வினை, கம்பி வைத்துக் கட்டிய சுவரின் காவலைப் பறிக்கிறது. சுண்ணாம்பைக் காற்றுக்கு விட்டுவிடலாம். கான்கிரீட்டைக் காற்றிலிருந்து மறைக்க வேண்டும். தொடர்ச்சியான, போதிய தடிமனுள்ள ஒரு படலம் அதன் மேல் இருந்தாக வேண்டும் என்பதே என் துறையின் அடிப்படை.

நான் சொல்லவரும் கட்டடம் எட்டு மாடி கொண்டது. தரைத்தளத்தில் துணிக்கடைகளும் ஒரு மருந்துக்கடையும். மேலே கணக்காயர்கள், ஏற்றுமதி நிறுவனங்கள், ஒரு பல் மருத்துவர் எனச் சிறு அலுவலகங்கள். கட்டி முடித்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. மும்பை மாநகராட்சிச் சட்டப்படி 30 ஆண்டுகளைக் கடந்த கட்டடங்களின் உறுதியைத் தகுதி பெற்ற பொறியாளரைக்கொண்டு ஆய்வு செய்து சான்று பெற வேண்டும். அந்த ஆய்வின்போது உதவியாளனாக உடன் சென்றேன். தூண்களிலும் வெளி உத்தரங்களிலும் சிறு துண்டுகளைச் செதுக்கியெடுத்து, புதிதாக உடைந்த முகத்தில் பினாப்தலீன் கரைசலைத் தெளித்தோம். காரம் எஞ்சியிருக்கும் இடம் செம்பருத்திச் சாறு தெளித்ததுபோல் ஆழ்ந்த இளஞ்சிவப்பாக மாறும். காரம் இழந்த இடம் நிறமின்றிச் சாம்பலாகவே கிடக்கும். அங்கே வெளிமுகத்திலிருந்து சராசரியாக 22 மில்லிமீட்டர் ஆழம்வரை நிறம் ஏறவில்லை. கம்பி 25 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. கடலோரக் காற்றுக்கு நேரே நிற்கும் கான்கிரீட்டுக்கு இன்றைய இந்தியத் தர விதியான ஐஎஸ் 456 கேட்பது 45 மில்லிமீட்டர் மூடுகனம். இங்கே இருந்தது 25. அதில் காவல் எஞ்சியிருந்தது 3.

கார்பனேற்றம் காலத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப முன்னேறுகிறது. உள்ளே போகப் போக வேகம் குறையும். 35 ஆண்டுகளில் 22 மில்லிமீட்டர் என்றால், எஞ்சிய 3 மில்லிமீட்டரைக் கடக்க இன்னும் ஏறத்தாழ 10 ஆண்டுகள் ஆகும். விரிசல் இல்லாத இடத்துக்குத்தான் இந்தக் கணக்கு. மயிரிழை விரிசல் ஓடும் இடத்தில் காற்றும் நீரும் அந்த வழியே நேராகக் கம்பியைச் சென்றடையும். ஆகவே பழுதான இடங்களைச் செதுக்கிச் சீர்செய்தபின், விரிசல்களின் மேல் இழுபட்டும் கிழியாத நெகிழ்படல வண்ணப்பூச்சு ஒன்றைப் பூசுவதென முடிவாயிற்று. முதலில் ஒரு பிரைமர். அதன்மேல் இரண்டு பூச்சு. உலர்ந்தபின் மொத்தத் தடிமன் 200 மைக்ரான், அதாவது ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு. வெயிலில் விரிசல் சுருங்கும், இரவில் அகலும். படலம் மெலிந்திருந்தால் அந்த அசைவில் விரிசலின் மேலேயே கிழியும். கிழிந்த வழியே மழைநீர் உள்ளே போகும். சுற்றிலும் படலம் மூடியிருப்பதால் உள்ளே போன நீர் எளிதில் வெளியேறாது. கணக்கிட்ட 10 ஆண்டுகளை நீட்டிப்பதும் குறைப்பதும் அந்த 200 மைக்ரான்களின் கையில் இருந்தன. அடியில் துணிக்கடைகள், நடைபாதை, அங்கே நாள் முழுவதும் நிற்கும் ஒரு தேநீர்க்காரர், பேருந்துக்குக் காத்திருப்போர். 200 என்ற எண்ணை நான் அப்படித்தான் பார்த்தேன்.

பூச்சுவேலை ஏப்ரல் நடுவில் தொடங்கியது. ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை வந்துவிடும்; அதற்குள் முடித்தாக வேண்டும். ஆறு பேர் கொண்ட குழு. தலைமை மேஸ்திரியை எல்லோரும் 'மிஸ்திரி' என்றார்கள். நானும் அப்படியே அழைத்தேன். வங்காளத்தின் மால்டா மாவட்டத்துக்காரர். ஐம்பதைத் தொடும் வயது. கட்டடம் முழுவதற்கும் சாரம் கட்டினால் கடைகளின் முகப்பு மறைந்துவிடும் என்று உரிமையாளர்கள் மறுத்துவிட்டதால், மொட்டைமாடியிலிருந்து கயிறு இறக்கி, பலகை கட்டித் தொங்கிக்கொண்டே பூசினார்கள். அந்தப் பலகையை அங்கே 'ஜூலா' என்பார்கள். ஊஞ்சல் என்று பொருள். ஆறு பேருக்கு இடுப்புப் பட்டை நான்குதான் இருந்தது. மேற்குச் சுவரில் பிற்பகல் வெயில் ஏறியபின் சுவரைத் தொட முடியாது. வண்ணம் ரோலரிலேயே இறுகத் தொடங்கும். ஆகவே விடியலில் மேற்குப் பக்கம், பிற்பகலில் கிழக்குப் பக்கம் என்று கட்டடத்தைச் சுற்றி நிழலைத் தொடர்ந்து வேலை செய்தார்கள். உப்புப் பூத்த இடங்களைச் சுரண்டி, உப்புத்தாள் தேய்த்து, விரிசல்களுக்குப் பட்டி பார்த்து, பிரைமர் அடித்தபின் ஒவ்வொரு பூச்சாக ஏற்றினார்கள். இந்தியில் ஒரு பூச்சை 'ஒரு கை' என்பார்கள்; இரண்டு பூச்சு என்றால் 'இரண்டு கை'. ஒவ்வொரு சுவரிலும் இரண்டு கை ஏறியதை மேற்பார்வையாளர் தம் குறிப்பேட்டில் பதிந்துகொண்டே வந்தார்.

மே மாத இறுதியில் தடிமனை அளக்க நான் சென்றேன். இரும்பின் மேலுள்ள வண்ணத்தைக் காந்தக் கருவி வைத்து அளந்துவிடலாம். கான்கிரீட்டின் மேல் அது இயலாது. கூர்மையான வெட்டுமுனையால் பூச்சில் குறிப்பிட்ட கோணத்தில் சரிவாகக் கீறி, உருப்பெருக்கியின்வழி அடுக்குகளின் அகலத்தைப் பார்த்துத் தடிமனைக் கணக்கிட வேண்டும். இந்தக் கீறல் எனக்கு எப்போதும் பிடித்த வேலை. புதிய வெள்ளைக்குக் கீழே பிரைமர், அதற்குக் கீழே பழைய மஞ்சள், அதன்கீழ் வெளிர்நீலம், எல்லாவற்றுக்கும் அடியில் சிமெண்ட் வண்ணத்தின் தூள்படிந்த இளஞ்சிவப்பு. ஒரு கட்டடத்தின் 35 ஆண்டுகளும் அரை மில்லிமீட்டருக்குள் வரிவரியாகக் கிடக்கும்.

40 இடங்களில் கீறினேன். புதிய படலத்தின் சராசரித் தடிமன் 104 மைக்ரான். கேட்டது 200. உருப்பெருக்கியில் இரண்டு அடுக்குகள் தெளிவாகவே தெரிந்தன, இரண்டும் மெலிந்திருந்தன. தண்ணீர் கலந்திருக்கிறார்கள் என்பதில் ஐயமே இல்லை. ரோலர் எளிதாக ஓடவும், வேலை விரைவாக முடியவும் அப்படிச் செய்வதுண்டு என்று பாடநூல்களும் சொல்கின்றன. அன்றிரவே அறிக்கையை எழுதி முடித்தேன். எண்கள், படங்கள், சராசரி, திட்ட விலக்கம் எல்லாம் முறையாக இருந்தன. காரணம் என்ற தலைப்பின்கீழ் ஒரே ஒரு வரி: அளவுக்கு மீறித் தண்ணீர் கலந்தமை, பணித்திறன் குறைபாடு.

நான்கு நாள் கழித்து, மாலையில், விடுதி வாயிலில் மிஸ்திரி நின்றிருந்தார். என் இடத்தை யார் சொன்னார்களோ தெரியாது. கடைசி மூன்று வாரக் கூலியை ஒப்பந்தக்காரர் நிறுத்திவைத்துவிட்டதாகவும், கேட்டால் என் அறிக்கையைக் காட்டுவதாகவும் சொன்னார். ஊருக்குப் போக ரயிலில் பயணச்சீட்டு எடுத்தாயிற்று. ஆறு பேரும் வெறுங்கையுடன் போக வேண்டும். குரலை உயர்த்தவில்லை. "சாப், நீங்கள் படித்தவர், அளந்தீர்கள். சரியாகத்தான் அளந்திருப்பீர்கள். எங்களுக்கு எத்தனை வாளி வந்தது என்று யாரும் கேட்கவில்லையே?" என்றார்.

எத்தனை வந்தது என்று கேட்டேன்.

"45."

குறித்து வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். அவர் சற்றே வியப்புடன் என்னைப் பார்த்தார். வண்ணம் வரும் 20 லிட்டர் பிளாஸ்டிக் வாளிகள் காலியானபின் பூசுபவர்களுக்கே சொந்தம் என்பது இந்தத் தொழிலின் வழக்கம். மும்பையின் குடிசைப் பகுதிகளில் தண்ணீர் பிடித்துவைக்கும் வாளிகளில் பல ஒரு காலத்தில் வண்ணம் சுமந்தவை. அந்த வாளிக்கு விலை உண்டு. ஆகவே எண்ணிக்கையில் யாரும் தவறமாட்டார்கள். "ஆளுக்கு ஏழு, ஆறு பேருக்கு 42. மீதி மூன்றை வாசற்காவலாளிக்குக் கொடுத்தோம், எங்கள் பொருள்களைப் பார்த்துக்கொண்டதற்காக. பிரைமர் டப்பா வேறு கணக்கு" என்றார்.

அவர் போனபின் காகிதத்தை எடுத்தேன். இந்தக் கணக்கு முதலாண்டு மாணவருக்குரியது. ஒரு லிட்டர் வண்ணத்தை ஒரு சதுர மீட்டரில் பரப்பினால் ஈரமாக இருக்கையில் அதன் தடிமன் 1,000 மைக்ரான். இந்தப் பூச்சில் உலர்ந்தபின் எஞ்சும் திடப்பொருள் கன அளவில் 50 விழுக்காடு. ஆகவே 200 மைக்ரான் உலர்படலத்துக்கு ஈரத்தில் 400 மைக்ரான் வேண்டும். அதாவது ஒரு லிட்டரில் இரண்டரைச் சதுர மீட்டர்தான் பூசலாம். சுவரின் பரப்பு 4,000 சதுர மீட்டர். ஒரு சொட்டும் வீணாகாவிட்டாலும் 1,600 லிட்டர் தேவை. வந்திருந்தது 45 வாளி, 900 லிட்டர்.

900 லிட்டரை 4,000 சதுர மீட்டரில் பரப்பினால் கிடைக்கும் உலர்தடிமன் 112.5 மைக்ரான். தண்ணீர் சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும் இந்த எண் மாறாது. தண்ணீர் ஆவியாகிவிடும், திடப்பொருள் எவ்வளவு வந்ததோ அவ்வளவுதான் சுவரில் நிற்கும். கலந்த தண்ணீர் வண்ணத்தைக் குறைக்கவில்லை. ஒரு கைக்குரிய வண்ணத்தை இரண்டு கையாக நீட்டியது. அவ்வளவே.

அடுத்து ஒப்பந்தத்தைத் தேடினேன். தேட வேண்டியதே இல்லை. அதன் நகல் பணி தொடங்கிய நாளிலிருந்து என் மேசையில்தான் இருந்தது. தடிமன் 200 மைக்ரான் என்று எழுதியிருந்த பக்கத்தை அடிக்கோடிட்டு வைத்திருந்தேன். பொருள் அளவுப் பட்டியலைப் புரட்டியதே இல்லை. அங்கே நெகிழ்படல வண்ணம் 1,800 லிட்டர் என்று முதலில் தட்டச்சாகி இருந்தது. 1,600 லிட்டர் தேவை, மீதி சேதாரத்துக்கு. சரியான மதிப்பீடுதான். அந்த எண்ணைப் பேனாவால் அடித்து 900 என்று திருத்தி, இரு தரப்பும் கையெழுத்திட்டிருந்தார்கள். விலை பேசும்போது செலவைக் குறைக்கப் பொருளைப் பாதியாக்கியிருக்கிறார்கள். தடிமன் எழுதிய பக்கத்தை யாரும் திருத்தவில்லை. 'இரண்டு கை' என்ற நிபந்தனையும் அப்படியே இருந்தது. மேற்பார்வையாளர் கைகளை எண்ணினார். நான் மைக்ரான்களை எண்ணினேன். வாளிகளை எண்ணியவர்கள் பூசியவர்கள் மட்டுமே.

அன்றிரவு என்னைத் தூங்கவிடாதது இன்னொரு கணக்கு. 112.5 மைக்ரான்தான் கிடைக்கக்கூடிய உச்சம் என்றால், நான் அளந்த 104 எதைச் சொல்கிறது? சேதாரம் எட்டு விழுக்காடுகூட இல்லை என்பதைச் சொல்கிறது. சொரசொரப்பான வெளிச்சுவரில், உயரத்தில், காற்றடிக்கையில் வேலை செய்யும்போது ரோலரில் தங்குவதும் வாளியின் அடியில் காய்ந்துபோவதும் கீழே சொட்டுவதுமாகப் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ வீணாகும் என்று கணக்கில் சேர்ப்பதே வழக்கம். இவர்கள் கயிற்றில் தொங்கிக்கொண்டு, தளதளவென்று தண்ணீராகிவிட்ட வண்ணத்தை, அதைவிடக் குறைவாகச் சிந்தியிருக்கிறார்கள். என் அளவீடுகளின் திட்ட விலக்கமும் சிறியதாகவே இருந்தது. கீழ்த்தளத்துச் சுவருக்கும் எட்டாம் மாடிச் சுவருக்கும் தடிமனில் பெரிய வேறுபாடு இல்லை. கிடைத்ததை எட்டு மாடிக்கும் சமமாகப் பகிர்ந்து பூசியிருக்கிறார்கள். குறைபாடு என்று நான் எழுதிய அதே எண், நான் அளந்த சுவர்களிலேயே மிகச் சிறந்த பணித்திறனுக்குச் சான்றாக இருந்தது. அந்தச் சான்றை வைத்தே அவர்களுடைய கூலியை நிறுத்தியிருந்தார்கள்.

மறுநாள் நெறியாளரிடம் சென்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் காகிதத்தை இருமுறை சரிபார்த்தார். "எண்களில் பிழை இல்லை. எண்களுக்கு நீங்கள் கொடுத்த காரணத்தில் பிழை. திருத்தி அனுப்புங்கள். திருத்தியது ஏன் என்பதையும் அதிலேயே எழுதுங்கள்" என்றார். எழுதினேன். அளவீட்டுப் பகுதியில் ஓர் எண்ணும் மாறவில்லை. காரணம் என்ற தலைப்பின்கீழ் இருந்த வரியை நீக்கி, மேற்சொன்ன கணக்கையும் பொருள் பட்டியலின் திருத்தத்தையும் சேர்த்தேன். முந்தைய அறிக்கையின் முடிவு தவறானது என்றும், அதற்குப் பொறுப்பு என்னுடையது என்றும் ஒரு வரி எழுதிக் கையெழுத்திட்டேன்.

நாளை மறுநாள் ரயில் என்றிருந்த நிலையில் மிஸ்திரியைத் தொலைபேசியில் அழைத்துச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமலிருந்தார். நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்: வண்ணம் போதாது என்று தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? "சொன்னேன் சாப். முதல் சுவர் முடிந்ததுமே சொன்னேன். சுவரை மூடு, மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள்" என்றார். பிறகு, "உங்களிடமும் சொல்ல நினைத்தேன். நீங்கள் வந்த நாளெல்லாம் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்" என்றார். குறை கூறும் தொனி அதில் இல்லை. அது உண்மையும்கூட. அந்தப் பணியிடத்துக்கு நான் ஏழு முறை சென்றிருக்கிறேன். என் குறிப்பேட்டில் சுவர் வெப்பநிலை, காற்றின் ஈரப்பதம், பனிநிலை எல்லாம் மணிவாரியாக இருக்கின்றன. பூசுபவர்களில் ஒருவரிடமாவது ஏதேனும் கேட்டதாக ஒரு குறிப்பும் இல்லை.

கூலியில் பாதி அவர்கள் ரயிலேறும் முன் கிடைத்தது. மீதியில் ஒரு பகுதி தீபாவளியை ஒட்டிக் கிடைத்ததாக மிஸ்திரி பின்னர் சொன்னார். முழுவதும் கிடைக்கவே இல்லை. அன்று நடைமுறையில் இருந்த 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம், பழுதுபார்ப்பையும் பராமரிப்பையும் கட்டடப் பணி என்றே ஏற்றுக்கொண்டிருந்தது. ஆனால் 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் அது பொருந்தும். நலவாரியத்தில் பதிவு பெற முந்தைய 12 மாதங்களில் 90 நாள் வேலை செய்திருக்க வேண்டும். ஆறு பேராக, பருவத்துக்கொரு கட்டடமாக, கட்டடத்துக்கொரு ஒப்பந்தக்காரராக நகர்ந்துகொண்டே இருப்பவர்கள் அந்த 90 நாளை யாரிடம் எழுதி வாங்குவார்கள்? அவர்களுடைய உழைப்பைப் பதிந்த ஆவணம் என்று ஒன்று இருந்தால் அது மேற்பார்வையாளரின் குறிப்பேடும் என் அறிக்கையுமே. அந்த அறிக்கையில் அவர்களைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரே வரி தவறான வரி.

துறைசார்ந்த நண்பர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். கட்டடங்களின் ஆயுளைப் பற்றிய ஆய்வுகளில் 'பணித்திறன்' என்ற சொல்லை நாம் ஓர் எச்சமாகப் பயன்படுத்துகிறோம். சிமெண்டின் தரம், நீரின் விகிதம், மூடுகனம், ஈரப்பதம் ஆகியவற்றுக்கெல்லாம் எண் கொடுத்தபின், நம் சமன்பாட்டில் அடங்காமல் மிஞ்சுவதற்கு அந்தப் பெயரை வைத்துவிடுகிறோம். மிஞ்சுவதில் கொள்முதல் முடிவு இருக்கலாம். பேரத்தில் அடிக்கப்பட்ட எண் இருக்கலாம். மழைக்கு முன் முடிக்க வேண்டிய அவசரம் இருக்கலாம். சாரம் கட்ட மறுத்த முகப்பு இருக்கலாம். சொல் மட்டும் கடைசியாகச் சுவரைத் தொட்டவரின் கையைச் சுட்டுகிறது. சுவரில் நான் கீறிப் பார்த்த 104 மைக்ரான்களும் ஓர் அலுவலக மேசையில் ஏற்கெனவே முடிவாகியிருந்தவை. அவை சுவருக்கு வந்துசேர்ந்த வழிதான் அந்த ஆறு பேரின் கைகள்.

பூசுபவர்கள் ஒருபோதும் பிழை செய்யமாட்டார்கள் என்று சொல்லவில்லை. ஈரம் காயாத சுவரில் பூசுவதும், முதல் கை உலரும் முன் அடுத்ததை ஏற்றுவதும், வந்த வாளியை வெளியே விற்றுவிடுவதும் நடக்கத்தான் செய்கின்றன. அப்படி நடந்ததா என்பதைக் கண்டுபிடிக்க வழி இருக்கிறது என்பதே நான் கற்றது. எவ்வளவு பொருள் வந்தது, எவ்வளவு பரப்பு, எவ்வளவு தடிமன் என்ற மூன்றையும் அருகருகே வைத்தால், எட்டாம் வகுப்புப் பெருக்கலில் சேதாரம் எவ்வளவு என்று தெரிந்துவிடும். நியாயமான சேதாரத்தைவிட மிக அதிகமாக இருந்தால் பணியிடத்தில் கேளுங்கள். குறைவாக இருந்தால் அலுவலகத்தில் கேளுங்கள். இதற்குப் புதிய கருவி ஏதும் தேவையில்லை.

என் ஆய்வேட்டின் அட்டவணைகளில் இப்போது ஒரு நிரல் கூடியிருக்கிறது: 'பணியிடத்துக்கு வந்த வண்ணம், லிட்டரில்'. மொத்தம் 11 கட்டடங்களின் தரவுகள் என்னிடம் இருந்தன. பழைய பணிகளுக்கு அந்த எண்ணைத் தேடி அலைந்தேன். நான்கு கட்டடங்களுக்கு மட்டுமே கிடைத்தது. மற்ற ஏழிலும் தடிமனை அளந்திருக்கிறேன். அதற்கான காரணம் குறித்து முன்பு எழுதியிருந்த வரிகளை எல்லாம் நீக்கிவிட்டேன். முன்வாய்மொழித் தேர்வில் ஒரு பேராசிரியர் அந்த வெற்றிடங்களைச் சுட்டி, இது ஆய்வைப் பலவீனப்படுத்தவில்லையா என்று கேட்டார். பலவீனப்படுத்துகிறது என்றுதான் சொன்னேன்.

சென்ற ஆண்டு மழை முடிந்தபின் அந்தக் கட்டடத்துக்குப் போயிருந்தேன். உரிமையாளர்கள் முந்தைய கோடையிலேயே விடுபட்ட தடிமனுக்குரிய வண்ணத்தை வாங்கி வேறொரு குழுவைக்கொண்டு மேலும் பூசியிருந்தார்கள். 20 இடங்களில் கீறினேன். சராசரி 190ஐத் தாண்டியது. அந்த முறை கீறுவதற்கு முன் வாளிகளின் எண்ணிக்கையைக் கேட்டேன். பழைய காவலாளியே இருந்தார். அவருக்குக் கிடைத்த மூன்று வாளிகளில் ஒன்றில் துளசி வைத்திருந்தார்; இன்னொன்றில் தண்ணீர். மூன்றாவதைத் தேநீர்க்காரருக்கு விற்றுவிட்டாராம். எவ்வளவுக்கு என்று கேட்டேன். சொன்னார். அதையும் குறித்துக்கொண்டேன்.

மிஸ்திரி இந்தப் பருவம் சூரத்தில் வேலை செய்கிறார். போன வாரம் அழைத்தபோது, அங்கே எத்தனை வாளி வருகிறது என்று கேட்டேன். சிரித்துவிட்டு, "வந்து எண்ணிப் பாருங்கள் சாப்" என்றார். ஆய்வேட்டை ஒப்படைத்ததும் போகலாம் என்றிருக்கிறேன்.